உலக உருண்டைக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு

ஃபேஸ்புக்கில் ஏஞ்சலுக்கு நண்பர்கள் அதிகம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரென்று அவளுக்கே தெரியாது. யார் நட்புக் கேட்டு வந்தாலும் சரியென்று அழுத்திவிடுவாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. காவாந்தண்டலத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்றால், ஆகாதவரே ஆனாலும், "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் காலத்துக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள், போனில் ஒருவர் வந்து நின்றால் மட்டும் கதவைச் சாத்துவாளா என்ன?

அவள் நடவு வேலைக்குப் போகிறவள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அம்மா செல்லாயியிடமே திரும்பி வந்து, அம்மாவும் மகளுமாக ஊர் ஊராக நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்று நடும்போது பெண்கள் பாடுவதையும் ஒருத்தியை ஒருத்தி கிண்டலடிப்பதையும் வீடியோ எடுத்துப் போடுவாள். செல்லாயி வரப்பில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்த வீடியோவை லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். மானம் போயிற்று என்று செல்லாயி ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. அப்புறம் இன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவளே தினம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வினை அங்கேதான் தொடங்கியது. எவனோ ஒருவன் ஏஞ்சலின் படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே இன்னொரு கணக்குத் தொடங்கி, அவளுடைய சொந்தக்கார ஆண்களுக்கெல்லாம் "ஹாய் டியர்" என்று அனுப்பிக்கொண்டிருந்தான். வாலாஜாபாத்தில் இருக்கும் அவள் மாமன் முறை ஒருவர் அதை நிஜமென்று நம்பிப் பூப்போட்ட சட்டை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ஏஞ்சல் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பஸ் ஏறி உத்திரமேரூருக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் நிஷாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம்.

நிஷா போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது? வூட்டத் தொறந்து போட்டுட்டுக் கொளத்துக்குக் குளிக்கப் போன மாரி கீது?"

"ஏன், இன்னா ஆச்சி?"

"உன் வீடியோவுக்குக் கீய சின்னதா ஒரு உருண்டை கீதே, அது இன்னான்னு நெனச்சிக்கினு இருந்த?"

"அயகுக்குப் போட்டு வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

"அது உலகம்க்கா. உலகத்துல யாரு வோணாலும் பாக்கலாம்னு அர்த்தம். நீதான் அப்டி வெச்சிக்கீற."

ஏஞ்சல் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மிளகு அளவுக்கு ஒரு உருண்டை. இத்தனை வருஷமாக அவள் போட்ட ஒவ்வொன்றின் கீழேயும் அது இருந்திருக்கிறது. பனி பெய்கிற நாட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எவளோ ஒருத்தி, காவாந்தண்டலத்துச் சேற்றில் செல்லாயி உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்திருப்பாள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயம்தான். ஆனால் பயத்தோடு என்னவோ ஒரு பெருமையும் கலந்திருந்தது.

நிஷா உருண்டையை அழுத்திக் காட்டினாள். பொது, நண்பர்கள், நான் மட்டும் என்று வரிசையாக வந்தது.

"நான் மட்டும்னா?"

"உன்னத் தவிர ஒரு ஜீவன் பாக்க முடியாது. உருண்டை போயி பூட்டு வந்துடும்."

"நானே எயுதி நானே பாக்கறதுக்கு இன்னாத்துக்கு ஃபேஸ்புக்கு? செவுத்துல கரிக்கட்டியால எயுதிக்கினா போதாது?"

நிஷா சிரித்துக்கொண்டே மேலே போனாள். போன் நம்பரை மறைத்தாள். தெரியாதவன் அவளை டேக் செய்ய முடியாதபடி செய்தாள். போலிக் கணக்கைப் புகார் செய்தாள். கடைசியாக, "உன் கணக்கு எந்தெந்த போன்ல தொறந்து கீதுன்னு பாத்துடலாம்" என்று இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். முதலில் ஏஞ்சலின் போன் இருந்தது. அதன் கீழே இன்னொன்று இருந்தது. தாவணகெரே, கர்நாடகா. சற்று முன்பு பயன்படுத்தப்பட்டது.

"மாட்னான் பாரு! எவனோ உள்ள பூந்து குடித்தனம் பண்ணிக்கினு கீறான். இரு, இப்பவே தொரத்திட்டுப் பாஸ்வேர்டையும் மாத்திடறேன்."

வெளியேற்று என்ற எழுத்தை நோக்கிப் போன நிஷாவின் விரலை ஏஞ்சல் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அழுத்திப் பிடித்ததில் நிஷா "ஆ" என்று கத்தினாள்.

"வாணாம் நிஷா. அது எங்க வூட்டு ஆளு தான். வேலைக்குப் போயிருக்காரு. மறந்தே பூட்டேன்."

போனைப் பிடுங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி கூடச் சொல்லாமல் வெளியே வந்து, தப்பான பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கணக்கின் பெயர் ஏஞ்சல் பீட்டர். முன்பின் தெரியாதவர்கள் பீட்டர் என்பதை அவள் புருஷன் என்று நினைத்துக்கொள்வார்கள். பீட்டர் அவள் தம்பி. வீட்டில் ஒரே ஒரு போன் இருந்த காலத்தில் அக்காவும் தம்பியுமாகத் தொடங்கிய கணக்கு அது. ஒரு வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு போல ஒரு ஃபேஸ்புக்கு போதும் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். பிற்பாடு பீட்டர் தனக்கென்று போன் வாங்கியபோதும் அதே கணக்கைத்தான் அதிலும் திறந்து வைத்துக்கொண்டான்.

அந்தப் பீட்டர், ஊர்ப் பெரிய விவசாயி தாமோதரனின் மகள் சசிரேகாவைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. தாமோதரன் வயலில் நடவு நட்ட கைகள்தான் அவன் வீட்டுக் கைகள். அந்த வீட்டுப் பெண்ணை இந்த வீட்டுப் பையன் கட்டுவதா என்று ஒரு கூட்டமே திரண்டு வந்து செல்லாயி வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்துப் போட்டது. சசிரேகாவின் அண்ணன் மோகன், "எங்க இருந்தாலும் கண்ணுல பட்டா ரெண்டு பேரையும் உயிரோட வுட மாட்டேன்" என்று நடுத்தெருவில் நின்று சொன்னான். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஏஞ்சலின் போனைப் பிடுங்கிக்கொண்டு போய் நோண்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து பீட்டரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒருமுறை போலீஸ்காரர்கள், ரயில் பாதையோரம் கிடந்த உடல் ஒன்றை அடையாளம் காட்டச் சொல்லிச் செல்லாயியைக் கூட்டிப் போனார்கள். அது வேறு யாரோ பெற்ற பிள்ளை. இருந்தாலும் அன்றிலிருந்து செல்லாயி ரயில் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள்.

தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதுதான் ஏஞ்சலுக்குத் தெரிய வேண்டும். வேறெதுவும் வேண்டாம். இப்போது தாவணகெரே என்று வாயில் நுழையாத ஊரில் யாரோ அவள் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீடு போய்ச் சேர்வதற்குள் சந்தேகமும் வந்துவிட்டது. மோகன் நெல் லாரியோடு கர்நாடகப் பக்கம் போய்வருகிறவன். அவளுடைய போனை வைத்திருந்த நேரத்தில் கணக்கைத் தன் போனிலும் திறந்துகொண்டிருந்தால்? அவசரப்பட்டுப் பீட்டரின் பெயரைச் சொல்லி ஏதாவது எழுதினால் ஆட்டை அவளே கொண்டுபோய்க் கசாப்புக்காரனிடம் விட்டதாக ஆகும். மோகன் அவள் நட்பு வட்டத்திலும் இருந்தான். அவன் கேட்டிருந்தான், இவள் வழக்கம்போல "வாங்க" சொல்லியிருந்தாள். அதை நினைத்துத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மறுநாள் பகல், வயல் வரப்பில் மற்ற பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, நாற்று முடியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று அது உறைத்தது. உன்னைத் தவிர ஒருவரும் பார்க்க முடியாது என்றாளே நிஷா. போனுக்கு நான் யாரென்று எப்படித் தெரியும்? என் முகமா தெரியும்? இந்தக் கணக்கை யார் திறந்து வைத்திருக்கிறார்களோ அவர்கள்தான் அதற்கு நான். அப்படியானால் நான் மட்டும் என்பது நானும் அவனும் மட்டும். இவ்வளவு பெரிய உலகத்தில், மிளகு உருண்டைக்குள் மனிதக்கூட்டம் மொத்தமும் முண்டியடித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டே பேர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு அறையை எவனோ கட்டி வைத்திருக்கிறான். கட்டியவனுக்கே அது தெரியுமோ தெரியாதோ! ஏஞ்சலுக்குக் கோயிலில் முழங்காலிடும்போது வருகிற அமைதி வந்தது. கஞ்சி குடிக்கக் கூப்பிட்ட குரல் அவள் காதில் விழவில்லை.

என்ன கேட்பது என்பதிலும் அவள் சூதானமாகத்தான் இருந்தாள். சின்ன வயதில் ஒரு கிறிஸ்மஸுக்குக் கோயில் குடிலில் இருந்த ராஜா பொம்மையின் தலை உடைந்துவிட்டது. பீட்டர்தான் உடைத்தான் என்று உபதேசியார் அவனைப் பின்னியெடுத்தார். இன்றைக்கும் ஊரில் யாரைக் கேட்டாலும் பீட்டர் என்றுதான் சொல்வார்கள். நடந்தது என்னவென்று இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

உருண்டையை அழுத்தினாள். பூட்டைத் தேர்ந்தெடுத்தாள். பூட்டு வந்துவிட்டதா என்று பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு எழுதினாள்.

"குடில்ல ராசா தலைய ஒடச்சது யாரு?"

இந்த மாதிரிப் பதிவுக்கு யாராவது பதில் போட்டால் போனில் மணி அடிக்காது. அவள் பெயரில் அவளே எழுதியதற்கு எதற்கு மணி? அதனால் நேரம் கிடைத்தபோதெல்லாம் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. நடவு வரிசையில் பின்தங்கினாள், செல்லாயியிடம் திட்டு வாங்கினாள். மறுநாளும் ஒன்றும் இல்லை. ஒருவேளை அவன் இதையெல்லாம் பார்ப்பதே இல்லையோ, அல்லது அது மோகன்தானோ, மோகன் இப்போது "பீட்டர்" என்று பதில் எழுதப் போகிறானோ என்று மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று திறந்தாள். அவளுடைய கேள்விக்குக் கீழே, அவளுடைய பெயரில், அவளுடைய படத்தோடு பதில் இருந்தது.

"ஆட்டுக்குட்டி. அடி வாங்குனது நானு."

ஏஞ்சல் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏசு பாலனுக்குப் பொம்மை ஆடு மட்டும் இருந்தால் பாவமென்று பக்கத்து வீட்டுப் பெருமாளின் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடிலுக்குள் விட்டவர்கள் அக்காவும் தம்பியும். அது வைக்கோலைத் தின்றுவிட்டு ராஜாவை முட்டித் தள்ளியது. அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒருவன்தான் உண்டு. அவன் செத்துப்போகவில்லை. சோறு தின்கிறான், மூச்சு விடுகிறான், வாங்கிய அடியைக் கூட இன்னும் மறக்காமல் இருக்கிறான்! அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் தாரையாக வடிந்தது. கோயிலிலிருந்து வந்தவர்கள், இன்றைய பிரசங்கம் இவளை நன்றாகத் தொட்டுவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அன்று முதல் ஏஞ்சல் பீட்டரும் ஏஞ்சல் பீட்டரும் பேசிக்கொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு பைத்தியக்காரி தன்னையே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகத் தோன்றும். பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை. பீட்டரும் சசிரேகாவும் தாவணகெரேயில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்கிறார்களாம். சசிரேகா கன்னடம் கற்றுக்கொண்டு இவனைக் கிண்டல் செய்கிறாளாம். போன் மோகன் கைக்குப் போனது தெரிந்துதான் அவன் ஒன்றும் எழுதாமல் இருந்தானாம். புதுக் கணக்குத் தொடங்கினால் ஊர்க்காரர்கள் பார்வையில் பட்டுவிடும் என்று இதிலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தானாம்.

"உன் வீடியோல அம்மா வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாப்பேன். சேத்துல வியுந்தப்போ அடி கிடி பட்டிச்சா?"

உலகம் முழுக்கத் தெரியட்டும் என்று அவள் அறியாமல் திறந்து போட்டிருந்த அந்தக் கதவு வழியாகத்தான் அவன் மூன்று வருஷம் தாயைப் பார்த்திருக்கிறான்.

பிறகு ஒரு நாள் படம் வந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் குழந்தை, வாயை இறுக்க மூடிக்கொண்டு கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது. கீழே பூட்டு. அதற்கும் கீழே ஒரு வரி.

"அம்மாகிட்ட சொல்லாதக்கா. அதுக்கு வாயி நிக்காது."

நியாயம்தான். செல்லாயியிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் மாலைக்குள் அது வாலாஜாபாத் போய்த் திரும்பி வந்துவிடும். யாருக்கு மாதம் தள்ளிப்போகிறது, எந்த வீட்டில் குழம்பு தீய்ந்தது, அத்தனையும் நடவு வரிசையில் அவள் வாயிலிருந்துதான் கிளம்பும். ஆனாலும் பேத்தி படத்தை இடுப்பில் சொருகி வைத்துக்கொண்டு பாட்டியிடம் காட்டாமல் இருக்க ஏஞ்சலால் முடியவில்லை. ஒரு நாள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போனை நீட்டினாள்.

"ஒரு கொயந்த படம் வந்துச்சிம்மா. பாரேன், எப்டி முறைக்குது."

செல்லாயி இட்லிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"யாரு வூட்டுது?"

"யாரு கண்டா? யாரோ போட்டுக்கீறாங்க."

"நல்லா கீது" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்னி போதவில்லை என்று கேட்டாள். ஏஞ்சலுக்கு அப்பாடா என்றும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. பெற்ற பிள்ளையின் குழந்தையை யாரோ வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டோமே என்று அன்று முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அவர்கள் பக்கத்து ஊர் எல்லையில் ஒரு வயலில் நட்டுக்கொண்டிருந்தபோது மோகன் வண்டியில் வந்து வரப்போரம் நிறுத்தினான். நடவு சமயம் வந்தால் எங்கிருந்தாலும் தேடி வந்து ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போவான்.

"இன்னா செல்லாயி, உன் புள்ள எங்க கீறான்? தகவல் ஒன்னும் இல்லியா?"

செல்லாயி பதில் சொல்வதற்குள் அவன் ஏஞ்சலைப் பார்த்துத் திரும்பினான். "உன் ஃபேஸ்புக்க நான் தெனம் பாக்கறேன், தெரியுமா? ஒன்னு வுடறது இல்ல. இப்பக்கூடப் பாரு."

போனை எடுத்து அவள் பக்கத்தைத் திறந்து, அவள் கண்ணெதிரிலேயே தள்ளிக்கொண்டு போனான். ஏஞ்சலின் கையிலிருந்த நாற்று நழுவியது. குழந்தை படம், மடையில் கால் கழுவிய வீடியோவுக்கும், கூட நடவு நடும் மாரியம்மா பாடிய வீடியோவுக்கும் நடுவில் இருந்தது. அன்றைக்குப் பீட்டர் பூட்டைப் போட்டானா? நான் பார்த்தேனா? பார்த்தேனே! கால் கழுவிய வீடியோ வந்தது. மோகனின் விரல் மேலே போனது. மாரியம்மா வாயைத் திறந்து பாட ஆரம்பித்தாள்.

நடுவில் ஒன்றுமே இல்லை. மயிர் நுழையும் இடைவெளி கூட இல்லை. அவள் இடுப்பில் இருந்த போனில் மஞ்சள் சட்டையோடு முறைத்துக்கொண்டிருக்கும் குழந்தை, அதே பக்கத்தில், அதே இடத்தில், இவன் விரலுக்கு அடியில் இருக்கிறது. இவனுக்கு மட்டும் இல்லை. கொல்ல வந்தவன் வீட்டுக்குள் நுழைந்து, தொட்டிலைத் தாண்டி, ஒன்றுமில்லையென்று திரும்பிப் போவதை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆண்டவரே" என்று அவள் வாய் முணுமுணுத்தது.

"கேக்கறேன் இல்ல?" என்று மோகன் அதட்டினான்.

செல்லாயி வரப்பில் சரிந்து உட்கார்ந்து மார்பில் அறைந்துகொண்டாள்.

"இன்னான்னு சொல்லுவேன் நைனா! செத்தானோ பொயச்சானோ, ஒரு காயிதம் உண்டா, ஒரு போனு உண்டா? ரயிலுப் பாட்டைல பொணம் கெடந்தா என்னத்தான் இஸ்துக்கினு போறாங்க. பெத்த வவுறு எரியுதே, உங்களுக்காச்சும் தெரிஞ்சா எனுக்கு ஒரு வார்த்த சொல்லு நைனா!"

அந்த அழுகையைக் கேட்டு மற்ற பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள். எதற்கும் அசையாத மோகனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி சரி, கத்தாத" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினான். வண்டிச் சத்தம் ஏரிக்கரை தாண்டித் தேய்ந்து போகிறவரை செல்லாயி விசும்பிக்கொண்டே இருந்தாள்.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். மற்றவர்கள் நாலு அடி முன்னே போகும்வரை ஒன்றும் பேசாமல் நட்டாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, ஏஞ்சலுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டாள்.

"கொயந்தைக்குப் பல்லு மொளச்சிச்சான்னு கேளு. படத்துல வாய மூடிக்கினு இருந்துச்சி."